ரத்தக் கொதிப்பும் டென்ஷனும்

குளியலறை அலமாரியில், முடி சுருட்டும் உருளைகளுக்குப் பின்னால், குழந்தை ஆஸ்பிரின் பாட்டில் ஒன்று இருந்தது. ஆல்வெர்டா கார்னிஷ் அதைத் தேடிப் போகவில்லை. பிறர் பொருளைத் துழாவும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தைத் தேடும்போது கையில் தட்டுப்பட்டது. மருமகள் லத்ரீஸுக்கு நாலாம் மாதம். வயிற்றில் இருப்பதற்கு இன்னும் முகமே திருந்தியிருக்காது. அதற்குள் குழந்தை மாத்திரை எந்தக் குழந்தைக்கு?

பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. மீதியை யாரோ தின்றிருக்கிறார்கள்.

எழுத்து எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்க்கும்படி அதைத் திரும்ப வைத்துவிட்டு, தைலம் தேய்த்துக்கொள்ளாமலே வேலைக்குப் புறப்பட்டாள்.

அமெரிக்கக் கடலோர ஊரான சாண்டர்ஸ் நெக்கில் நண்டு உரிக்கும் கொட்டகை ஒன்றுதான் மிச்சம். ஆவியில் வெந்த நண்டுகளை மண்வெட்டியால் அள்ளி எஃகு மேசையில் கொட்டுவார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, குட்டைக் கத்தியால் ஓட்டைக் கழற்றி, முதுகுச் சதையை ஒரு டப்பாவிலும் கால் சதையை ஒரு டப்பாவிலும் பிரித்துப் போடுவார்கள். முட்டி வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, மார்பில் ஏப்ரன். ஜன்னலோர நாற்காலி ஆல்வெர்டாவுடையது. அவள் மாமியார் உட்கார்ந்த இடம் அது. அங்கே உட்காருகிறவள் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். அன்று அவள் பாட்டு எடுக்கவில்லை. எதிரே இருந்த, தேவாலயத்தில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் பினா மோலக்தான் ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"என்ன ஆல்வெர்டா, இன்னிக்கு நண்டு மேல கோபமா? ஓட்டையெல்லாம் பொடி பண்றே. அந்தச் சதையைத் தின்னுறவன் பல்லு போயிரும்."

"பினா, குழந்தை இல்லாத வீட்டுல குழந்தை ஆஸ்பிரின் எதுக்கு இருக்கும்?"

"யார் வீட்டுல?"

"யார் வீட்டுலயோ."

"யார் வீட்டுலயோன்னா எனக்கென்ன வந்துது? உன் வீட்டுலன்னு சொல்லு, கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கேக்குறேன்."

ஆல்வெர்டா கடைசி மேசையைப் பார்த்தாள். லத்ரீஸ் அங்கே குனிந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். பால்டிமோர் நகரத்தில் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். முப்பத்தைந்தைத் தாண்டியவள். இத்தனை வயது வரை ஒருத்தி பால்டிமோரில் தனியாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மகன் லின்வுட் கேட்டதே இல்லை. படகில் போய் நண்டு பிடிக்கிறவன், கூண்டைத் தவிர வேறெதையும் தூக்கிப் பார்க்கமாட்டான்.

"அவளுக்கு டென்ஷனாம் பினா. ஹைப்பர்டென்ஷன்னு கிளினிக்குல சொன்னாங்களாம். கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்துருச்சாம்."

"ஹைப்பரா! வெறும் டென்ஷன்னாலும் பரவால்ல. ஹைப்பர்னா உள்ள ஏதோ பெரிசா கெடக்குன்னு அர்த்தம்."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"குழந்தை மாத்திரை, பழைய டென்ஷன், பால்டிமோர்." பினா கத்திமுனையால் மேசையில் தட்டினாள். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. நான் நண்டு உரிக்கிறவ."

சாண்டர்ஸ் நெக்கில் ரத்தக் கொதிப்பு வேறு, டென்ஷன் வேறு. பன்றித் தொடை, வெண்ணெய், உப்பு ஹெரிங் மீன் என்று நன்றாகச் சாப்பிடுகிற வீட்டில் ரத்தம் கெட்டியாகிச் சூடேறி மேலே போகும். வினிகர் குடித்தால் இறங்கிவிடும். அது உழைத்துத் தின்கிறவர்களுக்கு வரும் நோய். கார்னிஷ் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு, யாரும் மறைத்ததில்லை. டென்ஷன் அப்படியல்ல. அது நரம்பு நோய். மனதில் எதையோ அழுத்தி வைத்திருப்பவர்களுக்குத்தான் வரும். கார்னிஷ் குடும்பத்தில் அது ஒருவருக்கும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆல்வெர்டா பன்றித் தொடையை வறுத்து, கீரையை எலும்போடு வேகவைத்து, மெத்தென்ற ரொட்டி போன்ற பிஸ்கட் சுட்டு மேசையில் வைத்தாள். லத்ரீஸ் கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஏன், கறி கெட்டுப்போச்சா?"

"இல்ல மிஸ் ஆல்வெர்டா. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க நர்ஸ்." பெரியவர்களை மரியாதையாக மிஸ் என்று கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

"டென்ஷனுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள் லத்ரீஸ். "சொன்னாங்க, செய்யுறேன்."

லின்வுட் பிஸ்கட்டைக் கீரைச் சாற்றில் தோய்த்துக்கொண்டே கேட்டான். "மாத்திரை போடுறியா?"

"டென்ஷனா இருந்தா போடுறேன். நல்லா இருக்கிற அன்னிக்கு எதுக்கு வீணா?"

"என்னைக்கெல்லாம் டென்ஷனா இருக்கும்?" ஆல்வெர்டா குரலை உயர்த்தவில்லை.

"அதுக்கு நாள் கிழமையா இருக்கு? வரும், போகும்."

"உன் அக்கா போன் பண்ணின அன்னிக்குப் போட்டே. நான் பார்த்தேன்," என்றாள் ஆல்வெர்டா.

லின்வுட் சிரிக்கப் பார்த்தான். "அம்மா, நீ போலீசுல சேந்திருக்கணும்."

"சேந்திருந்தா இந்த வீட்டுல பாதிப் பேச்சு மிச்சமாயிருக்கும். அடுத்த தடவை கிளினிக்குக்கு நானும் வர்றேன்."

"எதுக்கு?" என்றாள் லத்ரீஸ்.

"என் பேரப்பிள்ளையைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேக்க எனக்கு உரிமை இல்லையா?"

லத்ரீஸ் கறி மிஞ்சிய தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதையும் ஆல்வெர்டா கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

கிளினிக் டவுனில், மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்தது. நர்ஸ் டெய்ன் ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். லத்ரீஸின் கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். ஆல்வெர்டா தேவாலயத் தொப்பியைக் கழற்றாமல் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போன தடவையை விடக் கூடியிருக்கு லத்ரீஸ். மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றாள் நர்ஸ். "சரி, சில கேள்விகளைத் திரும்பவும் கேக்கணும். பிரஷர் ரொம்ப வருஷமாவே இருக்கு. வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. எடையும் கொஞ்சம் அதிகம். சர்க்கரை இருக்கா? கிட்னியில ஏதாவது?"

"இல்ல."

"இதுதான் முதல் குழந்தை?"

"ஆமா."

ஆல்வெர்டா தொண்டையைச் செருமினாள். "அதை இன்னொரு தடவை கேளுங்க."

நர்ஸ் திரும்பினாள். "எதை, மிஸஸ் கார்னிஷ்?"

"முதல் குழந்தையான்னு. குளியலறையில குழந்தை மாத்திரை ஒளிச்சு வெச்சிருக்கா. பாதி பாட்டில் காலி. பால்டிமோர்ல யாருக்குக் குடுத்தான்னு கேளுங்க. நான் கேட்டா டென்ஷன் வந்துரும்."

லத்ரீஸ் முதலில் வாயைத் திறந்தபடி பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. அது சிரிப்பின் நீரில்லை.

"எனக்கு ஒரு புள்ள இருக்குன்னா நினைச்சீங்க? அதை முடி உருளைக்குப் பின்னாடியா ஒளிச்சு வெச்சிருக்கேன்? இந்த ஒரு வருஷமா நீங்க சுட்ட பிஸ்கட்டைத் தின்னு, உங்க கூடவே நண்டு உரிச்சு... இதைத்தான் நினைச்சிட்டிருந்தீங்களா, மிஸ் ஆல்வெர்டா?"

"அந்த மாத்திரையை நாங்கதான் குடுத்தோம்," என்றாள் நர்ஸ் டெய்ன். "அவங்க சாப்பிடத்தான். அளவு சின்னதா இருக்கறதால அந்தப் பேரு. ஏற்கெனவே பிரஷர் இருக்கிறவங்க மாசமானா, அஞ்சு மாசத்துக்கு மேல திடீர்னு பிரஷர் எகிறலாம். கிட்னி, ஈரல், மூளைன்னு எல்லாத்தையும் போட்டுத் தாக்கும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அது வர வாய்ப்பைக் குறைக்கத்தான் இந்த ஆஸ்பிரின்."

ஆல்வெர்டாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. தான் தவறு செய்தது தெரிந்துவிட்டது. ஆனால் அந்நியப் பெண் ஒருத்தி முன்னால் அதை ஒப்புக்கொள்வது அவளால் ஆகிற காரியமில்லை. அவள் தன் பக்கத்தின் பெருமையைக் கையில் எடுத்தாள்.

"டென்ஷனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? எங்க வீட்டுல நிஜமான ரத்தக் கொதிப்பே உண்டு. லின்வுட்டைச் சுமந்தப்ப எனக்கு ரத்தம் தலைக்கே ஏறிருச்சு. கொட்டகையில நண்டு உரிச்சிட்டிருந்தவ, கத்தி கையோட விழுந்தேன். நினைவு வர எத்தனையோ நாளாச்சு. மாத்திரையா தின்னேன்? மருமக மாதிரி மூலையில உக்காந்து அழுதேனா? புள்ளையைப் பெத்துக் குடுத்தேன்."

நர்ஸ் டெய்ன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மிஸஸ் கார்னிஷ், ஹைப்பர்டென்ஷன்னா நரம்பு நோய் இல்ல. நீங்க சொல்ற ரத்தக் கொதிப்புதான் அது. ரெண்டும் ஒண்ணு. லத்ரீஸ், உங்களுக்கும் சொல்றேன். மனசு நல்லா இருந்தாலும் இல்லேன்னாலும் தினம் போடணும் அந்தப் பிரஷர் மாத்திரையை." அவள் நாற்காலியை ஆல்வெர்டாவின் பக்கம் இழுத்துப் போட்டாள். "விழுறதுக்கு முன்னாடி தலைவலி இருந்துச்சா? கண்ணு கூசுச்சா?"

"இருந்துச்சு."

"விழுந்தப்ப கை கால் இழுத்துச்சா? வலிப்பு?"

ஆல்வெர்டா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"ஏன் கேக்குறேன்னா, பெண்ணோட அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தாதான் கவனிக்கணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. பிள்ளையோட அப்பா அந்த மாதிரிப் பிரசவத்துல பிறந்தவர்னா, அந்தப் பக்கத்துலேர்ந்தும் ஆபத்து கொஞ்சம் கூடும். உங்களுக்கு வலிப்பு வந்திருந்தா லத்ரீஸை நான் வாராவாரம் பார்ப்பேன். கடைசி மாசங்கள்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல தங்கச் சொல்லுவேன்."

வலிப்பு என்ற சொல் கார்னிஷ் வீட்டில் உச்சரிக்கப்பட்டதே இல்லை. அன்று மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஆல்வெர்டாவின் மாமியார் கொட்டகையின் ஜன்னல் கதவுகளைச் சாத்தி, கடித்துக் கிழிந்த நாக்கின் ரத்தத்தைத் துடைத்து, ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னாள். வலிப்புக்காரி என்று பெயர் வந்தால் அவள் கை பட்ட நண்டுச் சதையை யாரும் வாங்கமாட்டார்கள், அவள் பிள்ளைக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். அந்த மாமியாரும் பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லின்வுட்டுக்குக்கூடத் தெரியாது. இப்போது இந்த ஒல்லிக்காரி, மருமகளின் பக்கத்தில் இல்லாத குறையைக் கார்னிஷ் பக்கத்தில் ஏற்றப் பார்க்கிறாள்.

"இல்ல," என்றாள் ஆல்வெர்டா. "தரை ஈரமா இருந்துச்சு. வழுக்கி விழுந்தேன்."

"இப்பதான் ரத்தம் தலைக்கு ஏறிச்சுன்னீங்க."

"பேச்சுக்குச் சொல்றதுதான். எங்க ஊர்ல அப்படித்தான் பேசுவோம்."

நர்ஸ் அவளையே பார்த்தாள். லத்ரீஸும் பார்த்தாள். ஆல்வெர்டா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

வீடு திரும்பும் வழியில் லத்ரீஸ்தான் வண்டி ஓட்டினாள். இரண்டு பக்கமும் சதுப்புப் புல், நடுவே வெள்ளைக் கொக்குகள். பாலத்தைத் தாண்டியதும் கேட்டாள்.

"வழுக்கித்தான் விழுந்தீங்களா?"

"அதான் சொன்னேனே."

"வழுக்கி விழுந்தவங்களுக்கு முன்னாடியே தலை வலிக்குமா, மிஸ் ஆல்வெர்டா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அன்றிலிருந்து சந்தேகம் இடம் மாறிவிட்டது. முன்பு மாமியார் மருமகளைக் கவனித்தாள். இப்போது மருமகள் மாமியாரைக் கவனித்தாள். பழைய படங்களைப் பற்றிக் கேட்பாள். லின்வுட் பிறந்த நாளில் யார் யார் கூட இருந்தார்கள் என்று பினாவிடம் விசாரித்தாள். ஆல்வெர்டாவின் நாக்கு ஓரத்தில் இருந்த பழைய வடுவை, அவள் பேசும்போதெல்லாம் லத்ரீஸின் கண் தேடியது. ஆல்வெர்டா வாயைக் கையால் மறைத்துச் சாப்பிடத் தொடங்கினாள். ஆஸ்பிரின் பாட்டிலை முடி உருளைகளுக்கு முன்னால் எடுத்து வைத்தது யார் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. லத்ரீஸ் இப்போது பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின் இரண்டையும் தினம் போட்டாள். வாராவாரம் மட்டும் கிளினிக்குக்குப் போகவில்லை. வாராவாரம் வரச் சொல்ல நர்ஸுக்குக் காரணம் தரப்படவில்லை.

ஆகஸ்டில் நண்டு கொழுத்தது. கொட்டகைக்குள் ஆவியும் வெயிலும் சேர்ந்து மூச்சு முட்டியது. ஏழாம் மாதம் முடிகிற சமயம். வேலையை விடு என்று லின்வுட் சொல்லிப் பார்த்தான். தொட்டிலுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று லத்ரீஸ் கேட்கவில்லை. மூன்று நாட்களாக அவள் காலையில் பூட்ஸ் மாட்டுவதற்கு நெடுநேரம் பிடித்ததை ஆல்வெர்டா பார்த்திருந்தாள். மாதம் ஏறினால் கால் வீங்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டாள்.

மதியத்துக்குப் பிறகு, டப்பாக்களை எடுக்க வந்த பெண் கத்தினாள். "யாருது இது? முதுகுச் சதையில கால் சதையைப் போட்டு வெச்சிருக்கு!"

லத்ரீஸின் டப்பா. ஆல்வெர்டா எழுந்து போனாள்.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"லைட்டை யாராவது அணைங்களேன்," என்றாள் லத்ரீஸ். "ஏன் இப்படி மினுக்குது?"

மேலே விளக்கே எரியவில்லை. ஜன்னல் வெளிச்சம்தான்.

"தலை வலிக்குதா?"

"காலையிலேர்ந்து. இங்க." நெற்றியைத் தொட்டாள். பிறகு கையை விலாவுக்குக் கீழே வலப்பக்கம் வைத்தாள். "இங்கயும். யாரோ உள்ளேர்ந்து குத்துற மாதிரி." அவளுடைய முகம் ஊதியிருந்தது. மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது.

"ரத்தம் ஏறுது, ரத்தம் ஏறுது," என்று பினா ஓடி வந்தாள். கையில் வினிகர் பாட்டில். "ஒரு டம்ளர் குடிச்சா இறங்கிரும். வாயைத் திற கண்ணு."

ஆல்வெர்டா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். லின்வுட் பிறந்த அன்று தன் பல்லில் டம்ளர் இடித்ததும், வினிகர் மூக்கில் ஏறியதும், ஜன்னல் வெளிச்சம் துண்டு துண்டாய் உடைந்ததும் அவளுக்கு நினைவிருந்தது. அதற்கப்புறம் எதுவும் நினைவில்லை.

பினாவின் கையைத் தட்டிவிட்டாள். பாட்டில் தரையில் உருண்டது.

"வண்டியை எடு."

"முதல்ல கொஞ்சம் வினிகர்..."

"வண்டியை எடுன்னேன் பினா! நான் இதைக் குடிச்சுட்டுத்தான் விழுந்தேன்."

மேசைகளில் கத்திகள் நின்றன. ஆல்வெர்டா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. லத்ரீஸின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கத்திரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். பட்டையில் காற்றடித்த பெண் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள், அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் இளைஞன், களைத்த கண்கள். ஊசியும் கேள்வியும் ஒன்றாக நடந்தன. எத்தனை மாதம், என்ன மாத்திரை, எப்போது தலைவலி. எல்லாவற்றுக்கும் லத்ரீஸ் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா? உங்க பக்கமோ, வீட்டுக்காரர் பக்கமோ?"

லத்ரீஸ் கண்ணைத் திறந்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை. ஆல்வெர்டாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. இவள் இப்போதும் பொய்தான் சொல்வாள் என்று தெரிந்துகொண்டு, எப்படிச் சொல்கிறாள் பார்க்கலாம் என்று காத்திருக்கிற பார்வை. முன்பெல்லாம் தான் அவளைப் பார்த்த பார்வை அதுதான் என்று ஆல்வெர்டாவுக்குப் புரிந்தது.

கதவோரம் பினா நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் சாண்டர்ஸ் நெக் முழுக்கப் போய்விடும்.

"எனக்கு வந்திருக்கு," என்றாள் ஆல்வெர்டா. "நான் ஆல்வெர்டா கார்னிஷ். இவ புருஷனோட அம்மா. இவ புருஷனைப் பெறும்போது எனக்கு வலிப்பு வந்துச்சு. ஒரு தடவை இல்ல, விட்டு விட்டு வந்துச்சாம். இதே மாதிரிதான் ஆரம்பிச்சுது. தலைவலி, கண்ணுல மினுக்கு, விலாவுல குத்து. அதுக்கப்புறம் விழ ரொம்ப நேரம் ஆகல."

டாக்டர் நிமிர்ந்தான். "கிளினிக்குல இதைச் சொன்னீங்களா?"

"கேட்டாங்க. நான் இல்லேன்னு சொல்லிட்டேன்."

அவன் நர்ஸ் பக்கம் திரும்பி, வலிப்பைத் தடுக்கும் மருந்தை உடனே ஏற்றச் சொன்னான். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், பால்டிமோருக்கு ஹெலிகாப்டரில் அனுப்பிவிடலாம், பிள்ளையை எடுக்க வேண்டி வந்தால் அங்கேதான் வசதி என்றான். லின்வுட்டுக்குப் படகு ரேடியோவில் சொல்லியாயிற்று. அவன் கரை சேர்ந்து நேரே பால்டிமோருக்குத்தான் போக வேண்டும்.

மருந்து ஏறியதும் லத்ரீஸுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் இருந்தது. சக்கரக் கட்டிலில் வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரியின் பின்புற மைதானத்தில் இறங்கி, புல்லையெல்லாம் படுக்க வைத்துக்கொண்டிருந்தது. கூட வர இடமில்லை என்றார்கள். லத்ரீஸ் கட்டிலிலிருந்து கையை நீட்டி ஆல்வெர்டாவின் ஏப்ரனைப் பிடித்தாள். நண்டுச் சாறு காய்ந்த ஏப்ரன்.

"மிஸ் ஆல்வெர்டா. அப்புறம் என்ன ஆச்சு?"

"எதுக்கப்புறம்?"

"விழுந்தப்புறம். எந்திரிச்சீங்கல்ல?"

"எந்திரிச்சேனே. இதோ நிக்கிறேனே உன் முன்னாடி."

"புள்ள?"

"புள்ளைக்கு என்ன? கத்தித் தீர்த்துட்டிருந்தான். எறும்பு மாதிரி இருந்தான், சத்தம் மட்டும் எருமை மாதிரி. அவனைத்தானே கட்டிக்கிட்டே."

இறக்கைகளின் இரைச்சல் கூடியது. லத்ரீஸின் உதடு அசைந்தது, கேட்கவில்லை. ஆல்வெர்டா குனிந்தாள்.

"திரும்பச் சொல்லுங்க," என்றாள் லத்ரீஸ். "முதல்லேர்ந்து."

ஆல்வெர்டா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். கொட்டகையில் பாட்டு எடுக்கும் குரல் அவளுடையது, ஆவி இரைச்சலைத் தாண்டிக் கடைசி மேசை வரை போகும் குரல். அதை முழுசாகத் திறந்தாள். கை கால் இழுத்ததை, நாக்கைக் கடித்ததை, ஜன்னலைச் சாத்தியதை, பொய் சொன்னதை, கண் விழித்ததை, பக்கத்தில் பிள்ளை அழுததை, கட்டிலைத் தள்ளியவர்களும் நர்ஸுகளும் வேலியோரம் நின்ற பினாவும் கேட்கும்படி கத்திச் சொன்னாள். ஹெலிகாப்டரின் கதவு மூடிய பிறகும், கண்ணாடிக்குப் பின்னால் லத்ரீஸ் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே நின்றாள்.